நொய்யலும் திருப்பூர்ச் சாயக்கழிவும்: சுத்திகரிப்பின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல் ஆறு கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே கிழக்கு நோக்கி ஓடுகிறது. கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயரையே கொண்ட ஊரின் அருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். இதன் வடகரையில்தான் கொடுமணல் இருக்கிறது. 1980-களிலிருந்து அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தடயங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. ஆகவே ஆற்றங்கரையில் தொழில் செய்வது இந்தப் பகுதிக்குப் புதிதன்று. தொழிலின் கழிவை ஆறு தாங்க முடியாமல் போனதுதான் புதிது. அது நடந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலத்துக்குள்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றவுடன் மாணவர்கள் பெரும்பாலும் சுரங்கங்களையும் உலோக ஆலைகளையும் நினைக்கிறார்கள். பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டுகள் அப்படி. திருப்பூரில் சுரங்கம் கிடையாது. ஆனால் சுரங்க நீரைத் தூய்மைப்படுத்தும் முறை ஒன்றை இங்கும் கையாண்டார்கள். அந்த முறை அங்கே வென்றது, இங்கே தோற்றது. ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வரலாற்றின் பாதி புரிந்துவிடும்.

வெள்ளை பனியனிலிருந்து வண்ண ஆடைக்கு

திருப்பூரில் பனியன் தொழில் 1920-களில் தொடங்கியது. அதற்கு முன்பே இது பருத்திச் சந்தையாகவும் பஞ்சு அரைக்கும் ஊராகவும் இருந்தது. கதர் இயக்கத்துக்கும் இது முக்கியமான இடம். கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் உயிர் நீத்த ஊர் என்பதை எல்லோரும் அறிவோம்.

பல பத்தாண்டுகள் வரை இங்கு உற்பத்தியானவை பெரும்பாலும் ஆண்கள் உள்ளே அணியும் வெள்ளை பனியன்கள். வெள்ளைத் துணிக்குச் சலவைப்பட்டறை போதும், சாயப்பட்டறை வேண்டியதில்லை. சலவைப்பட்டறையின் கழிவும் நல்லதன்று. பிளீச்சிங் பவுடரும் காஸ்டிக் சோடாவும் அதில் உண்டு. ஆனால் அன்றைய அளவு சிறிது.

1970-களின் இறுதியில் ஏற்றுமதி வாய்ப்பு வந்தது. 1980-களில் அது வேகம் பிடித்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கேட்டவை வண்ண டி-சர்ட்டுகள். அதனால் நிட்டிங், சலவை, சாயம், பிரிண்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனிப் பட்டறையாகப் பிரிந்து வளர்ந்தது. ஜாப் ஒர்க் என்று உள்ளூரில் சொல்லும் இந்த அமைப்புதான் திருப்பூரின் பலம். குறைந்த முதலீட்டில் ஒருவர் தொழிலுக்குள் வரலாம். விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த பலர் முதலாளிகளானது இப்படித்தான். 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 1990-களின் இறுதியில் சாய, சலவைப் பட்டறைகள் எழுநூறைத் தாண்டிவிட்டன.

ஜாப் ஒர்க் முறையின் பலமே சுற்றுச்சூழல் கணக்கில் பலவீனமாகவும் ஆனது. நான்கு விஞ்ச் இயந்திரங்களை வைத்துக் கூலிக்குச் சாயம் போடும் ஒருவரால் தனக்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. ஏற்றுமதி ஆர்டர் எடுப்பவர் வேறு, சாயம் போடுபவர் வேறு. துணியின் விலையில் ஆற்றுக்கான செலவு எந்த இடத்திலும் சேரவில்லை. வெளிநாட்டுக் கடையில் தொங்கிய டி-சர்ட்டின் விலைச் சீட்டில் நொய்யல் இல்லை.

ஒரு தொட்டிச் சாயத்தில் எவ்வளவு உப்பு?

பருத்திக்கு இன்று பெரிதும் பயன்படும் சாயங்கள் வினைச்சாயங்கள். 1950-களின் நடுவில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டு 1956-இல் சந்தைக்கு வந்தவை. சாய மூலக்கூறு பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பால் இணைந்துவிடுவதால் துவைத்தாலும் நிறம் எளிதில் போகாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. சாயமும் எதிர்மின் தன்மை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்குத்தான் உப்பு. சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு அல்லது கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டு. பிறகு சோடா உப்பைச் சேர்த்துக் காரத்தன்மை கூட்டினால் சாயம் இழையில் பிணையும்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். பழைய விஞ்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ துணிக்கு 2,000 லிட்டர். நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் மொத்தம் 120 கிலோ உப்பு. துணியின் எடையைவிட உப்பின் எடை கூடுதல்! சாயத்தின் ஒரு பகுதி துணியில் ஏறும். மீதி கழிவில் போகும். உப்பிலோ ஒரு பிடிகூடத் துணியில் தங்குவதில்லை. போட்டதெல்லாம் வெளியே வரும். அதன்பின் பல தடவை அலசுவதால் கழிவுநீரின் அளவு இன்னும் பெருகும்.

1990-களில் திருப்பூர்ப் பட்டறைகள் நாள்தோறும் வெளியேற்றிய கழிவுநீர் எட்டுக் கோடி முதல் பத்துக் கோடி லிட்டர் வரை என்று மதிப்பிடப்பட்டது. லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பு என்று குறைத்தே வைத்தாலும், எட்டுக் கோடி லிட்டருக்கு 400 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் நாற்பது நடை உப்பை ஒவ்வொரு நாளும் ஆற்றில் கொட்டுவதற்குச் சமம்.

பெரிய ஆறாக இருந்தால் வெள்ளம் அதை நீர்க்கச் செய்து கடலுக்குக் கொண்டு போயிருக்கும். நொய்யல் மழைக்காலத்து ஆறு. மழை மறைவுப் பகுதியான இங்கு ஆண்டு மழையே அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர்தான். ஆண்டின் பெரும்பகுதியில் திருப்பூருக்குக் கீழே ஆற்றில் ஓடியது சாயநீரும் சாக்கடையும் மட்டுமே. கலப்பதற்கு நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் 'கலந்து குறைந்துவிடும்' என்ற வாதத்துக்குப் பொருளே இல்லை.

தண்ணீர் இல்லாத ஊரில் இவ்வளவு தண்ணீர் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி எழலாம். நகரின் கிணறுகள் கெட்டபிறகு, சுற்றியுள்ள கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வந்தது. பயிருக்கு இறைப்பதைவிட லாரிக்கு விற்பது லாபம் என்று பல கிணற்றுக்காரர்கள் கண்டார்கள். 2005-இல் திருப்பூர்ப் பகுதி வளர்ச்சித் திட்டத்தின்கீழ் பவானிப் பகுதியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்த பிறகே லாரிகள் குறைந்தன. நல்ல தண்ணீர் வெளியூரிலிருந்து வந்தது. உப்புத் தண்ணீர் வெளியூருக்குப் போனது. போன இடம் ஒரத்துப்பாளையம்.

ஒரத்துப்பாளையம் அணை

நொய்யலின் குறுக்கே சென்னிமலை, காங்கேயம் வட்டாரத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கொள்ளளவு 616 மில்லியன் கன அடி. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறவேண்டும் என்பது திட்டம். அதில் மிகப்பெரும் பங்கு கரூர்ப் பகுதிக்கு உரியது. அதாவது, சாயத்தொழில் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அதற்குக் கீழே ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. இரண்டு துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தேங்கியது மழை நீர் அன்று. சாயக்கழிவு அணையில் நின்று, வெயிலில் ஆவியாகி, மேலும் செறிந்தது. அடியில் கசடு படிந்தது. நிலத்துக்குள் கசிந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளை உப்பாக்கியது. 1990-களின் நடுவிலேயே நிலைமை தலைகீழானது. எங்கும் விவசாயிகள் அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவார்கள். இங்கே திறக்காதே என்றார்கள் கீழே உள்ளவர்கள். தேக்காதே என்றார்கள் சுற்றி உள்ளவர்கள். பாசனத்துக்கு என்று கட்டிய அணையிலிருந்து ஆயக்கட்டுக்காரர்களே தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன நிகழ்ச்சி தமிழகப் பாசன வரலாற்றில் அரிது.

உப்பு நிலத்தில் என்ன செய்கிறது? பயிரின் வேர் தண்ணீரை உறிஞ்சுவதே மண்ணில் உள்ள உப்புச் செறிவைவிட வேரின் உள்ளே செறிவு கூடுதலாக இருப்பதால்தான். மண்ணில் உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் வாடும். அதோடு சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது. நெல்லும் மஞ்சளும் வாழையும் கண்ட நிலத்தில் அவை வரவில்லை. சிலர் உப்பைத் தாங்கும் தீவனப் பயிருக்கு மாறினார்கள். சிலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அதே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். இந்த வரலாற்றில் தொழிலாளியும் பாதிக்கப்பட்ட விவசாயியும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். மேலிருந்து பார்ப்பவர்கள் 'தொழிலா, விவசாயமா' என்று பட்டிமன்றம் நடத்தும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

சுண்ணாம்பால் முடிந்ததும் முடியாததும்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழில்களைப் புதிதாக அமைக்கக் கூடாது என்று 1989-இல் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. திருப்பூர்ப் பட்டறைகள் வேகமாகப் பெருகிய காலம் பெரும்பாலும் இதற்குப் பிறகே.

1996-இல் கரூர் வட்ட நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டில்தான் வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ராஜஸ்தானின் உதய்ப்பூர் அருகே பிச்ரி என்ற சிற்றூரின் கிணறுகளைக் கெடுத்த ஆலைகள்மீதும் அந்நீதிமன்றம் இதே கொள்கையைச் செலுத்தியிருந்தது. அங்கே தயாரிக்கப்பட்ட ஹெச்-அமிலம் சாயங்கள் செய்யும் மூலப்பொருள்களில் ஒன்று. சாயம் பிறக்கும் இடத்திலும் அது பயன்படும் இடத்திலும் கிணறுகள் ஒரே கதியை அடைந்தன.

1998 பிப்ரவரி 26-இல் சென்னை உயர் நீதிமன்றம், பட்டறைகள் தனியாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைத்தே தீரவேண்டும் என்று உத்தரவிட்டது. சி.இ.டி.பி. என்று எல்லோரும் அழைக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பல பட்டறைகள் ஒன்றுசேர்ந்து நிறுவனம் தொடங்கி, குழாய் பதித்து, கழிவை ஓரிடத்துக்குக் கொண்டுவந்தன. இது சிறிய சாதனை அன்று. போட்டியாளர்கள் ஒரே குழாயில் இணைந்தார்கள்.

ஆனால் அந்த நிலையங்கள் செய்தது என்ன? சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுக் கலக்கி, நிறத்தைக் கசடாக அடியில் படியவைத்தன. இதுதான் நான் முன்னே சொன்ன சுரங்க முறை. உலோகச் சுரங்கங்களில் சல்பைடு கனிமங்கள் காற்றோடும் நீரோடும் சேர்ந்து கந்தக அமிலமாகின்றன. அமிலம் இரும்பு, துத்தநாகம், செம்பு போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. இறைப்பது நின்றதும் நீர் மட்டம் ஏறி, 1992 ஜனவரியில் உடைத்துக்கொண்டு காரனன் ஆற்றையும் ஃபால் கழிமுகத்தையும் செம்மஞ்சளாக்கியது. அந்த நீரை இன்றும் சுண்ணாம்பு போட்டுத்தான் தூய்மைப்படுத்துகிறார்கள். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டியதும் உலோகங்கள் ஹைடிராக்சைடுகளாகிக் கரையாமல் படிந்துவிடும். எளிய வேதியியல், நன்றாக வேலை செய்கிறது.

சோடியமும் குளோரைடும் அப்படிப் படியா. பள்ளி ஆய்வகத்தில் குளோரைடைச் சோதிக்க வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் விடுவோம். தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு வரும். நொய்யலின் குளோரைடை அந்த வழியில் எடுக்க வேண்டுமானால் உலகத்து வெள்ளிச் சுரங்கங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டவேண்டும் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். சுண்ணாம்பு போடுவதால் உப்பு குறையாதது மட்டுமன்று, போட்ட சுண்ணாம்பும் அன்னபேதியும் சேர்ந்து கரைபொருள்களைச் சற்றுக் கூட்டவும் செய்யும். கழிவை ஆற்றில் விடலாம் என்று அனுமதிக்கப்பட்ட கரைபொருள் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். டி.டி.எஸ். என்று சொல்லப்படும் இந்த அளவைச் சுண்ணாம்பு நிலையங்களால் எட்டவே முடியவில்லை.

இதில் வேதனையான ஒன்று உண்டு. வெளிவந்த நீர் நிறம் குறைந்து தெளிவாக இருந்தது. பார்வையிட வந்தவர்களுக்குக் காட்டக் கூடியதாக இருந்தது. சிவப்பும் நீலமுமாக ஆறு ஓடியபோது எல்லோருக்கும் தெரிந்த குற்றம், தெளிந்து ஓடியபோது விவசாயியின் நாக்குக்கு மட்டும் தெரிந்தது. கண் பார்த்த மாசை நீக்கிவிட்டுச் சுத்திகரித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டதில் எட்டு ஆண்டுகள் போயின என்பது என் கருத்து.

இழப்பீடு

தோல் தொழிற்சாலை வழக்கின் தீர்ப்பையொட்டி 1996-இல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கென ஒரு சூழலியல் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. அது நொய்யல் படுகையையும் ஆராய்ந்து, 2004 டிசம்பரில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஒரு ஆழ்துளைக் கிணறு தோண்டக்கூட அது காணாது. தோண்டினாலும் வருவது உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் அந்தத் தீர்மானத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. நிலம் கெட்டது இயற்கையால் அல்ல, இன்னாரால் என்று அரசு ஆவணம் ஒன்று முதன்முறையாக எழுதி வைத்தது.

'ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது'

2003-இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் மீண்டும் உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2006 டிசம்பர் 22-இல் வந்த உத்தரவு கடுமையானது. 2007 ஜூலை 31-க்குள் பட்டறைகள் பூஜ்ஜியக் கழிவு வெளியேற்ற நிலையை எட்டவேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம்: 2007-இன் முதல் மூன்று மாதங்களுக்கு 6 பைசா, அடுத்த இரண்டு மாதங்களுக்கு 8 பைசா, அதன்பின் 10 பைசா. அணையைத் துப்புரவு செய்யும் செலவும் சாயத்தொழிலின் தலையில் விழுந்தது. தொழிலதிபர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2009 அக்டோபர் 6-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்று, மூன்று மாதம் தவணை கொடுத்தது.

பூஜ்ஜியக் கழிவு என்ற எண்ணமே உப்பினால் பிறந்தது. 1960-களில் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குள் ஓடும் கொலராடோ ஆறு உப்பேறி, மெக்சிகாலிப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். இரு நாடுகளுக்கும் இடையே அது பெரும் தகராறாகி 1973-இல் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கா உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. அந்தப் படுகையில் இருந்த அனல் மின் நிலையங்கள் கழிவு உப்புநீரைக் காய்ச்சி வற்றச்செய்யும் இயந்திரங்களை நிறுவின. போலந்தின் சைலீசியாவிலும் நிலக்கரிச் சுரங்கங்களின் உப்புநீர் ஆறுகளைக் கெடுத்தது. அங்கே டெபியென்ஸ்கோ என்ற இடத்தில் 1990-களில் எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் சேர்ந்த நிலையம் ஒன்று அமைந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் உள்ள ஒரு தொழில் நகரம் முழுவதும் இப்படி மாறவேண்டும் என்ற கட்டளை உலகில் எங்கும் கேட்காத ஒன்று. முடியாது என்று தொழிலதிபர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

நிலையங்கள் மறுபடி கட்டப்பட்டன. சுண்ணாம்புக்குப் பதில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளை உண்ணும் தொட்டிகள், பிறகு வடிகட்டிகள், பிறகு ஆர்.ஓ. சவ்வுகள். சவ்வுகள் வழியே நீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நல்ல தண்ணீராகித் திரும்பவும் பட்டறைக்கே போகும். மீதிதான் வில்லன். உப்பெல்லாம் அந்த மீதியில் செறிந்து நிற்கும். அதைக் காய்ச்சி வற்றச்செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடேற்ற சுமார் 290 கிலோஜூல் போதும். கொதித்த நீரை முழுதும் ஆவியாக்க மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். ஏறத்தாழ எட்டு மடங்கு. ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கும் பலநிலை ஆவியாக்கிகள் இந்தச் செலவைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது. கொதிகலன்களுக்கு விறகு எரிந்தது. ஆற்றைக் காக்க மரம் எரிப்பதா என்ற கேள்விக்கு இன்னும் நல்ல பதில் இல்லை.

காகிதத்தில் நிலையங்கள் தயாராயின. நடைமுறையில் பல நிலையங்களின் ஆவியாக்கிகள் சொன்ன அளவுக்கு ஓடவில்லை. ஆறு மறுபடி சாயநீரைக் கண்டது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. 2011 ஜனவரி 28-இல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அந்த ஆண்டு திருப்பூருக்குச் சோதனை ஆண்டு. துணி சாயத்துக்காக வெளி மாநிலங்களுக்குப் போய்த் திரும்பியது. ஆர்டர்கள் தவறின. வெளியூரிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். சில பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களில் அனுமதியின்றி முளைத்தன. அதாவது நொய்யலின் உப்பு வேறு ஓடைகளைத் தேடிப் போனது. வாடகை வீடுகள் காலியாகி 'டூ-லெட்' பலகைகள் தொங்கியதை அன்று திருப்பூரில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உப்பே மூலப்பொருளாகிறது

தீர்வு வேறு கோணத்தில் வந்தது. கழிவில் உள்ள உப்பைக் காய்ச்சி எடுப்பானேன்? சாயம் போட எப்படியும் உப்புநீர் வேண்டும் அல்லவா? ஆர்.ஓ.-வில் மிஞ்சும் செறிந்த நீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கிவிட்டு, உப்புக் கரைசலாகவே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பலாம். தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம் இந்த முறையை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் 2011-இல் நீதிமன்ற அனுமதியோடு சோதித்துக் காட்டியது. புதிதாக அமைந்த மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இந்த முறைக்குக் கிளாபர் உப்பு பெரிதும் கைகொடுத்தது. காரணம் அதன் கரைதிறன். 32 டிகிரி வெப்பத்தில் 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 50 கிராம் சோடியம் சல்பேட்டு கரையும். 0 டிகிரியில் ஐந்து கிராம் கூடக் கரையாது. ஆகவே செறிந்த கரைசலைக் குளிரவைத்தாலே அது படிகமாகப் பிரிந்துவிடும், காய்ச்ச வேண்டியதில்லை. சாதாரண உப்போ சூட்டிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே அளவே கரையும். கரைதிறன் வளைகோடு வரையச் சொன்னால் 'இது எதற்கு ஐயா உதவும்' என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

இயந்திரங்களும் மாறின. விஞ்ச் போய் சாஃப்ட் ஃப்ளோ வந்தது. கிலோ துணிக்கு 20 லிட்டர் என்பது எட்டு லிட்டருக்கும் கீழே இறங்கியது. முன்பு போட்ட கணக்கை மறுபடி போட்டால், 100 கிலோ துணிக்கு 800 லிட்டர், உப்பு 48 கிலோ. சுத்திகரிப்பு நிலையத்தில் செய்த எந்த மாற்றத்தையும்விடச் சாயத் தொட்டியில் செய்த இந்த மாற்றம்தான் பெரிது என்று நான் கருதுகிறேன். தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட அழுக்காக்காமல் இருப்பது மலிவு.

இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், தமக்கெனத் தனி நிலையம் வைத்துள்ள பட்டறைகளும் இயங்குகின்றன. பயன்படுத்தும் நீரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் திரும்பப் பெறப்படுகிறது. ஏற்றுமதி ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. நிலையத்தோடு இணையாமல் இரவில் சாயநீரைத் திறந்துவிடும் பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்து மூடும் செய்தி இப்போதும் அவ்வப்போது நாளிதழில் வருகிறது. விதியை மதித்து அதிகச் செலவு செய்பவருக்கு இவர்கள்தாம் முதல் எதிரி.

ஏற்கெனவே நிலத்தில் இறங்கிய உப்புக்கு எந்த இயந்திரமும் இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கிணறுகள் கொஞ்சம் தெளிகின்றன. வறண்ட ஆண்டில் பழைய கரிப்பு திரும்புகிறது. நொய்யலில் புதுவெள்ளம் வந்தால் ஒரத்துப்பாளையத்தில் தேக்காமல் விட்டுவிடுவதே வழக்கமாயிற்று.

நிலையங்களின் உள்ளே இன்னொரு கணக்கு முடியாமல் கிடக்கிறது. உயிரியல் தொட்டிகளிலும் பழைய சுண்ணாம்பு முறையிலும் சேர்ந்த கசடில் ஒரு பகுதியைச் சிமெண்டு ஆலைகள் எரிபொருளோடு சேர்த்துக்கொள்கின்றன. பிரித்தெடுத்த கிளாபர் உப்பு சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. ஆவியாக்கியின் கடைசிக் கலத்தில் மிஞ்சுவது குளோரைடும் சல்பேட்டும் சாய மிச்சமும் சேர்ந்த கலப்பு உப்பு. சமையலுக்கும் ஆகாது, சாயத்துக்கும் ஆகாது. மழையில் கரைந்தால் மறுபடி ஆற்றுக்குத்தான் போகும் என்பதால், கூரை போட்ட கிடங்குகளில் அதை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.